எழுபத்தைந்து வாங்கிய ஆம்ப்ளிஃபயர்

உலகில் ஆம்ப்ளிஃபயர்கள் பல கோடி இருக்கலாம். செயற்குழு கூடி, முறைப்படி முன்மொழிந்து, வழிமொழிந்து, மதிப்பெண் வழங்கிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெருமை முழுவதும் சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் தமிழ் இன்னிசை நண்பர் மன்றத்தையே சேரும். அம்மன்றத்தின் செயலாளராகப் பதினோர் ஆண்டுகள் தொண்டாற்றிவருபவன் என்ற முறையில் அந்த வரலாற்றை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. என் பெயர் ரகுபதி. பெயர் முக்கியமல்ல. எங்கள் மன்றத்தில் தனிமனிதர் யாருமே முக்கியமல்ல. எதைச் செய்தாலும் குழுதான் செய்யும்.

இந்த வரலாறு ஒரு படிவத்தில் தொடங்குகிறது. எங்கள் ஊரில் நல்ல காரியங்கள் எல்லாம் அங்கேதான் தொடங்கும். ஆண்டு விழாவுக்கு நிதி ஆதரவு கேட்கும் விண்ணப்பத்தில் இந்த முறை புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது: 'நிகழ்ச்சியின் புத்தாக்க அம்சம்'. எங்களிடம் குத்துவிளக்கு இருந்தது. வரவேற்புரை இருந்தது. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை இரண்டு நிறத்தில் இருந்தது. புத்தாக்கம் மட்டும் கையிருப்பில் இல்லை.

அப்போதுதான் எங்களுக்கு அமலாவின் ஞாபகம் வந்தது. தெம்பனிஸில் ஒரு மின்னணுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், வயது முப்பத்து நான்கு, கிட்டார் வாசிப்பாள். மூன்று ஆண்டுகளாக எங்கள் மேடையில் பத்து நிமிடம் கேட்டாள். மூன்று ஆண்டுகளாக நாங்களும் 'பரிசீலித்து' வந்தோம். கிட்டார் நம் பண்பாட்டுக்கு ஒத்துவருமா என்று கலாசாரப் பிரிவின் பொறுப்பாளர் சாமுண்டீஸ்வரி அம்மையாருக்கு ஐயம். கீபோர்டு எப்போதோ ஒத்துவந்துவிட்டது, அது வேறு விஷயம். இப்போது அமலா தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபயரைச் செய்து முடித்திருக்கிறாள் என்று தெரிந்ததும் அம்மையாரின் ஐயம் ஒரே நாளில் தீர்ந்தது. கட்டமும் நிரம்பியது.

கருவியைப் பார்வையிட்டு அறிக்கை தர நான் தெம்பனிஸுக்கு அனுப்பப்பட்டேன். கைப்பெட்டி அளவு இருந்தது. பின்பக்கம் கம்பி வலை. வலைக்குள்ளே, பழைய ரேடியோக்களில் இருப்பதுபோல், கண்ணாடியால் ஆன இரண்டு தடித்த வால்வுகள் மெல்லிய ஆரஞ்சு வெளிச்சத்தோடு நின்றன. பதினான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகளை இதற்குக் கொடுத்திருந்தாள். பாதிச் சாமான் சிம் லிம் டவரின் மின்னணுக் கடைகளில் வாங்கியது. உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் வெளிநாட்டில் சொல்லிவைத்து, ஐந்து மாதம் கழித்து வந்ததாம். கிட்டாரை மாட்டி ஒரு கம்பியை மீட்டினாள். அந்த ஒலி என் நெஞ்சுக்குள்ளேயே போய் உட்கார்ந்தது. இதை நான் அறிக்கையில் எழுதவில்லை. அதற்குக் கட்டம் இல்லை.

விழா நாளில் அவளுக்கு மாலை ஐந்து மணிவரை வேலை. அதனால் கருவியை முன்கூட்டியே பெற்றுக்கொண்டு, சூடேற்றி, அளவு சரிபார்த்து வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக என்னைத் தேர்ந்தெடுத்தாள். எங்கள் ஊர்த் தேநீரான தே ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொல்லித்தந்தாள்.

"டாக்ஸி சிக்னல்ல நிக்குது, ஆனா எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்குல்ல? அந்த மாதிரிதான் அண்ணே. நான் வாசிக்காம சும்மா இருக்கறப்பவும் இந்த வால்வுல கொஞ்சம் கரண்ட் ஓடணும். அது எவ்வளவுன்னு கட்டி வைக்கறதுதான் பயாஸ். என் வால்வுக்கு முப்பத்தஞ்சு மில்லி ஆம்ப்ஸ். கம்மியா வச்சா சத்தம் கரகரன்னு வரும். ஏத்தி வச்சா வால்வு சும்மா நின்னே வெந்துடும்."

கருவியின் பின்பக்கம் மீட்டரைச் செருக இரண்டு துளைகள். பக்கத்தில் ஒரு சிறிய திருகு. வலப்பக்கம் திருப்பினால் எண் ஏறும், இடப்பக்கம் திருப்பினால் இறங்கும். உள்ளே நானூற்றைம்பது வோல்ட் இருப்பதால் மூடியை யாரும் திறக்கக் கூடாது என்றுதான் எல்லாவற்றையும் வெளியே வைத்திருந்தாள். ஒரு மீட்டரையும், கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றிய ஒரு ஸ்க்ரூடிரைவரையும் என்னிடம் கொடுத்தாள்.

"டிரான்ஸ்ஃபார்மர் போனா எல்லாமே போச்சு அண்ணே. மூணு வருஷமா கேட்டு இப்பதான் பத்து நிமிஷம் குடுத்திருக்கீங்க. இந்த வாட்டி சொதப்புனா இனிமே கூப்பிட மாட்டீங்க, எனக்குத் தெரியும். முப்பத்தஞ்சு. மறந்துடாதீங்க லா."

மறக்கவில்லை. இன்றுவரை மறக்கவில்லை.

வீட்டில் செய்த மின்கருவி என்பதால் மன்ற விதிப்படி 'இடர் மதிப்பீட்டுப் படிவம்' ஒன்றை நிரப்ப வேண்டியிருந்தது. அதில் 'கருவியின் அளவு' என்ற இடத்தில் நான் 35 என்று எழுதிச் செயற்குழுவின் முன் வைத்தேன். எங்கள் தலைவர் ரத்னவேல் அவர்கள் முப்பது ஆண்டுகளாகத் துணைப்பாட நிலையம், அதாவது டியூஷன் சென்டர், நடத்துபவர். அங்கே வகுப்பறைச் சுவர்களில் வண்ணத்துக்குப் பதில் சான்றிதழ்கள்தான் தெரியும். அவர் படிவத்தை வாங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். அவர் முகம் வாடியது. ஒரு பெற்றோரைத் தொலைபேசியில் அழைக்கப்போகும் ஆசிரியரின் முகம் அது.

"முப்பத்தஞ்சா?" என்றார். "சிறப்பு விருந்தினர் வர்ற மேடைக்கு முப்பத்தஞ்சு வாங்குன ஒண்ண ஏத்தப்போறோமா?"

துணைத் தலைவர் தனசேகரன் மதுரைப்பக்கத்துக்காரர். கணினித் துறையில் வேலை கிடைத்து ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்தவர். அவருக்கு நியாய உணர்ச்சி அதிகம்.

"எங்க ஊர்ல முப்பத்தஞ்சு பாஸ், சார்."

"அதனாலதான் நீங்க இங்க வந்துட்டீங்க" என்றார் தலைவர்.

இதை நான் குறிப்பேட்டில் 'நட்புறவுடன் கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது' என்று பதிவு செய்தேன்.

அடுத்த நாற்பது நிமிடங்கள் எங்கள் மன்ற வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்கவை. சிங்கப்பூரில் தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும் என்றார் ஒருவர். ஒரு கருவி தேர்ச்சி மட்டும் பெற்றால் போதுமா, அதற்கு எதிர்காலம் வேண்டாமா என்று சாமுண்டீஸ்வரி அம்மையார் உருக்கமாகக் கேட்டார். உயர்நிலைப் பள்ளியில் ஏ-ஒன் என்ற முதல் தரம் வாங்க எழுபத்தைந்து வேண்டும் என்பதைத் தலைவர் நினைவூட்டினார். அப்படியானால் நூறே வைத்துவிடலாமே என்றார் தனசேகரன், தன் முப்பத்தைந்தைக் கைவிட்ட வேகத்தில். தலைவர் அதை மறுத்தார். நூறு வாங்குவது ஆணவமாகத் தெரியும், இயந்திரமானாலும் அடக்கம் வேண்டும் என்றார். எனக்கு மெய்சிலிர்த்தது.

நடைமுறை நியாயம் கருதி அமலாவையும் அழைத்து, விளக்கம் தர மூன்று நிமிடம் கொடுத்தோம். அவள் பரிசோதனைக் கூடத்தின் அட்டை கழுத்தில் தொங்க, வேலை முடிந்த கையோடு வந்து நின்றாள். தலைவர் அவளிடம் கனிவாகவே பேசினார். பிள்ளை நன்றாக வரக்கூடிய பிள்ளைதான், வீட்டில் கொஞ்சம் ஊக்கம் கொடுத்தால் போதும் என்றார்.

"சார், இது மார்க் இல்ல" என்றாள் அமலா. "சும்மா நிக்கறப்ப ஓடுற கரண்ட். ஐம்பத்தஞ்சுதான் இந்த வால்வு தாங்குற எல்லை. அதுக்கு மேல வச்சா உள்ள இருக்குற தகடு செவசெவன்னு ஆகும், அப்புறம் வெடிக்கும்."

முதலில் எல்லாத் தாய்மார்களும் தன்னிடம் இப்படித்தான் சொல்வார்கள் என்றும், ஆறு மாதம் கழித்து அவர்களே இனிப்புப் பெட்டியோடு வருவார்கள் என்றும் தலைவர் எங்களுக்கு விளக்கினார். ஆனாலும் அவர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். அவள் கருத்து 'கவனத்தில் கொள்ளப்பட்டது'. எங்கள் மன்றத்தில் ஒரு கருத்தை அடக்கம் செய்ய இதைவிட மரியாதையான முறை கிடையாது.

கதவு சாத்தியதும் தீர்மானம் நிறைவேறியது: ஒத்திகையில் ஐம்பது, விழாவில் எழுபத்தைந்து. படிப்படியான முன்னேற்றம் தெரிய வேண்டும் என்பது தலைவரின் கொள்கை. ஆதரித்தவர்கள் கை உயர்த்தினார்கள். என் கையும் உயர்ந்தது. மற்றக் கைகளை எண்ண வேண்டியிருந்ததால் என் கையைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

ஒத்திகையன்று அமலா வருவதற்கு முன்பே ஐம்பதுக்கு உயர்த்திவிட்டேன். அவள் வந்தாள், கம்பி வலைமேல் கையை நீட்டிப் பார்த்தாள், மீட்டரைச் செருகினாள். யாரோ இதில் கை வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி, முப்பத்தைந்துக்கு இறக்கி, திருகின்மேல் கறுப்பு டேப் ஒட்டினாள். பக்கத்தில் நின்ற என்னை அவள் சந்தேகப்படவே இல்லை. மாறாக, "கொஞ்சம் பாத்துக்குங்க அண்ணே" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைத் தீர்மானமாகக் கொண்டுவர முடியாது. அதை யார் வழிமொழிவார்கள்?

பிறகு வாசித்தாள். மண்டபத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்த நாற்காலியோடு அப்படியே நின்றுவிட்டார்கள். சாமுண்டீஸ்வரி அம்மையார் தன்னை மறந்து தாளம் போட்டார். வாசித்து முடித்ததும் தலைவர் எழுந்து எங்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? முப்பத்தஞ்சுல இந்த நாதம் வருமா? இதுதான் ஐம்பது. எழுபத்தஞ்சுல எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க."

அது முப்பத்தைந்து என்பது அந்த மண்டபத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி கிட்டாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருவன் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான்.

விழா நாள் வந்தது. நான்கு மணிக்கு மேடைக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். கறுப்பு டேப்பை நகத்தால் கிளப்பினேன். நன்றாகவே ஒட்டியிருந்தாள், மூன்று முறை பிய்ந்தது. திருகை வலப்பக்கம் திருப்பினேன். நாற்பது, ஐம்பது, அறுபது என்று எண் ஏறியது. எழுபத்திரண்டில் திருகு முடிந்துவிட்டது, அதற்கு மேல் நகரவில்லை. நல்ல பிள்ளை, இவ்வளவு தூரம் வந்துவிட்டு மூன்று மதிப்பெண்ணில் ஏ-ஒன்னைத் தவறவிடலாமா? அந்த மூன்றைக் கருணை மதிப்பெண்ணாக நானே வழங்கி, படிவத்தில் 75 என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மேடைக்கு ஏற்றும் வரை அதை அணைத்து வைத்தேன்.

ஆறரை மணிக்கு அமலா கிட்டாரோடு ஓடிவந்தாள். கலைஞர்கள் அழைக்கப்படும் வரை பக்கத்து அறையிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. அறை வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"முப்பத்தஞ்சுதானே அண்ணே?"

"எல்லாம் குழு சொன்னபடி இருக்கும்மா" என்றேன்.

இந்தப் பதிலில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதை இன்றும் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறேன். அவள் சிரித்தாள், உள்ளே போனாள். நான் கதவைச் சாத்தினேன்.

ஆம்ப்ளிஃபயரின் முதுகு சபையைப் பார்க்கும்படி வைக்கப்பட்டது. வால்வு வெளிச்சம் படத்தில் விழ வேண்டும் என்பது அம்மையாரின் யோசனை. கருவியில் வால்வைச் சூடேற்ற ஒரு சுவிட்ச், முழு மின்சாரம் பாய இன்னொன்று. தான் மேடைக்கு வந்த பிறகுதான் அந்த இரண்டாவது சுவிட்சைப் போட வேண்டும் என்று அமலா எனக்குச் சொல்லியிருந்தாள். சிறப்பு விருந்தினர் வந்து அமர்ந்ததும் போட வேண்டும் என்று தலைவர் சொல்லியிருந்தார். சிறப்பு விருந்தினர் வந்து அமர்ந்தார். நான் போட்டேன். தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

ஐந்தாவது நிமிடம், தலைவர் மன்றம் தோன்றிய கதையில் இருந்தபோது, வால்வுக்குள் இருந்த சாம்பல்நிறத் தகட்டின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. எட்டாவது நிமிடம் அது வெற்றிலைச் சிவப்பாகப் பரவியது. சபையில் கைப்பேசிகள் உயர்ந்தன. முன்வரிசையில் ஓர் அம்மா குழந்தையைத் தூக்கி அதைக் காட்டினார். தலைவர் திரும்பிப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கின.

"இது வெறும் விளக்கு இல்லை" என்றார். "நம்முடைய உழைப்பு. முப்பத்தைந்தாக நம்மிடம் வந்த ஒன்று, இன்று எழுபத்தைந்தாக ஒளிர்கிறது."

கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது. எனக்கு மட்டும் தெரிந்தது, அது வெந்துகொண்டிருக்கிறது என்று. சுவிட்ச் என்னிடமிருந்து ஆறடி தூரம். ஆனால் தலைவர் பேசும்போது மேடையில் எவரும் நடமாடக் கூடாது. மன்ற விதி பதினான்கு. நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்த விதியைக் கைப்பட எழுதியவன் நான்தான். நான் என் விதிக்குக் கட்டுப்பட்டு, முதுகை நேராக வைத்து, அமர்ந்திருந்தேன். என்னைப் போலக் கட்டுப்பாடான ஒரு செயலாளரை நீங்கள் தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் தேடினாலும் கிடைக்க மாட்டார்.

பதினேழாவது நிமிடம் 'டப்' என்று ஒரு சத்தம். சிவப்பு அணைந்தது. புகை மெல்லிய கோடாக மேலே போனது. கருகிய நாற்றம் முன்வரிசைவரை வந்தது. சாம்பிராணியோ என்று யாரோ கேட்டார்கள். தலைவர் இன்னும் ஐந்து நிமிடம் பேசி முடித்த பிறகு, முறைப்படி, அமலாவின் பெயர் அழைக்கப்பட்டது.

அவள் கிட்டாரை மாட்டிக்கொண்டு மேடையேறினாள். இரண்டாவது படியிலேயே நாற்றம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாரையும் பார்க்காமல் நேரே போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். குந்தி உட்கார்ந்து வலை வழியாக எட்டிப் பார்த்தாள். ஒரு வால்வு உள்ளே வெள்ளையாகியிருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் மூடியிலிருந்து பிசின் போல ஏதோ வழிந்திருந்தது. பிறகு திருகு இருந்த இடத்தைத் தடவினாள். அங்கே டேப் இல்லை.

ஒலிப்பதிவில் ஒரு பாட்டைப் போட்டு நிலைமையைச் சமாளித்தோம். சபை அதற்கும் கைதட்டியது. மேடைக்குப் பின்னால் அவள் என் எதிரில் வந்து நின்றாள்.

"யாரு திருப்புனது, அண்ணே?"

குழுவில் ஒருமனதாக முடிவான விஷயம் என்றேன். தனிப்பட்ட முறையில் யாரையும் சொல்ல முடியாது என்றேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், ஆறுதல் சொல்லியிருப்பேன்.

"அவங்க எல்லாரும் கைதான் தூக்குனாங்க" என்றாள். "ஸ்க்ரூடிரைவர ஒரு கைதான் பிடிக்கும்."

தள்ளுவண்டியில் அதை ஏற்றி, கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு, ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தை நோக்கி அவள் தனியாகப் போனாள். வாசல் படிவரை நான் பின்னாலேயே போனேன். வண்டியின் ஒரு சக்கரம் படியில் மாட்டியது. குனிந்து தூக்கிவிட நினைத்தபோது உள்ளேயிருந்து குழுப்படத்துக்குக் கூப்பிட்டார்கள். செயலாளர் இல்லாமல் எப்படிக் குழுப்படம்?

மறுவாரம் விசாரணை நடந்தது. பாரபட்சம் இருக்கக் கூடாது என்பதால் அமலாவை அழைக்கவில்லை. கருவிக்குத் தேர்வு நேர மன அழுத்தம் இருந்திருக்கலாம் என்று தலைவர் கருதினார். வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மேடைக் கூச்சம் வருவது இயல்புதான் என்றார் சாமுண்டீஸ்வரி அம்மையார். முப்பத்தைந்திலேயே விட்டிருந்தால் பாஸாகியிருக்கும் என்று தனசேகரன் முணுமுணுத்தார். அது குறிப்பில் இல்லை. இறுதியில் 'கருவியின் திறன் எதிர்பார்ப்புக்கு ஈடுகொடுக்கவில்லை' என்று பதிவாயிற்று. வீட்டில் செய்த கருவிகளுக்கு இனி எங்கள் மேடையில் இடமில்லை என்று முடிவாயிற்று. அவற்றைச் செய்தவர்களுக்கும் இல்லை. புத்தாக்கக் கட்டத்தில் அடுத்த ஆண்டு 'மின் குத்துவிளக்கு' என்று எழுதிக்கொள்ளலாம்.

அந்தக் குறிப்புகள் சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் ஒப்புதலுக்கு வந்தன. நானே எழுந்து வாசித்தேன். 'தீர்மானத்தின்படி அளவு உயர்த்தப்பட்டது' என்ற வரியை வாசிக்கும்போது குரல் நடுங்கவில்லை, பயிற்சி அப்படி. இதில் யாருக்காவது சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தலைவர் கேட்டார். நாற்பத்திரண்டு பேர் இருந்த மண்டபத்தில் ஒரு கைகூட உயரவில்லை. என் சட்டைப்பையில் சிவப்பு டேப் சுற்றிய அந்த ஸ்க்ரூடிரைவர் இருந்தது. அவள் அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை. நானும் கொடுக்கவில்லை.

அதைப் பைக்குள்ளேயே இறுகப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுந்து நின்றேன். பேசினேன். என்ன பேசினேன் என்பதை நீங்கள் என்னிடம் கேட்க வேண்டியதில்லை. குறிப்பேட்டின் கடைசி வரியில், என் கையெழுத்திலேயே இருக்கிறது:

'செயலாளர் நன்றி கூறினார்.'